பேரு விழுந்துச்சா?

எங்க தோட்டத்துல யாராவது என்னைக் காட்டி, "அவனுக்கென்னப்பா, அதிர்ஷ்டக்காரன், பந்தடிச்சே வெளிநாட்டுல நிலைச்சிட்டான்"னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதிர்ஷ்டமாம்! பன்னெண்டு வருஷமா மாலைதீவுல ஒரே கிளப்புக்கு ஆடுறேன். எத்தனையோ நாட்டுக்காரன் பெட்டியோட வந்தான், ஒரு சீசன், ரெண்டு சீசன் ஆடினான், பெட்டியோட போனான். நான் போகல. அது அதிர்ஷ்டம்னா, அந்த அதிர்ஷ்டம் என் முழங்கால்ல ரெண்டு தடவை கத்தி வச்சிருக்கு, வந்து பாருங்க.

ஆனா ஒண்ணை ஒளிக்காம சொல்லணும். இந்தப் பன்னெண்டு வருஷமும் ஒரே ஒரு காலையில என் கைய விட்டுப் போகப் பார்த்துச்சு. யாரும் எனக்குத் துரோகம் பண்ணல. நானேதான் பண்ணிக்கிட்டேன். ரப்பர் தோட்டத்துல பொறந்தவனைத் தவிர வேற ஒருத்தனும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான்.

புளத்கொகுபிட்டியவுல இருந்து ஒரு பஸ், அப்புறம் ஒரு மணித்தியாலம் மேல நடை, அதுதான் எங்க தோட்டம். கொஞ்சம் தேயிலை, மிச்சமெல்லாம் ரப்பர். நான் நடக்கப் பழகுறதுக்கு முந்தியே அப்பா தவறிப் போயிட்டார். அம்மா ரப்பர் பால் வெட்டித்தான் என்னை வளர்த்துச்சு. விடியிறதுக்குள்ள பெரட்டு. எல்லா ஆளும் ஸ்டோர் முன்னால வந்து வரிசையா நிக்கணும். கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரிச்சு ஒவ்வொரு பேரா வாசிப்பார். "இருக்கேன் ஐயா!"ன்னு குரல் குடுத்தா அன்னைக்கு வேலை. வாசிக்கிறப்ப ஆளு இல்லையா, முடிஞ்சுது. மூச்சு வாங்க ஓடி வந்து நின்னாலும் "போ போ, வீட்டுக்குப் போ"ன்னு திருப்பி விரட்டிடுவாங்க. அழுதாலும் எடுபடாது, சத்தம் போட்டாலும் எடுபடாது. தலையக் குனிஞ்சுக்கிட்டு லயத்துக்கு, எங்க வரிசை வீடுகளுக்கு, திரும்ப வேண்டியதுதான்.

எங்க பேச்சுல பேருன்னா கூப்பிடுற பேரு மட்டுமில்ல. ஒரு நாள் வேலைக்கே பேருன்னுதான் சொல்லுவோம். முழு நாள் நின்னா முழுப்பேரு. பாதியில அனுப்பிட்டாலோ, பால் குறைஞ்சாலோ அரைப்பேரு. சாயங்காலம் லயத்து வாசல்ல ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தா, சாப்பிட்டியான்னு கேக்குறதுக்கு முந்தி "என்னடி, பேரு விழுந்துச்சா?"ன்னுதான் கேப்பா.

இன்னொரு சட்டமும் உண்டு. மழை பேஞ்சா ரப்பர்ல வெட்டு கிடையாது. பட்டை நனைஞ்சா பால் சிரட்டைக்கு வராம மரம் பூரா வழிஞ்சு வீணாப் போயிடும். அதனால விடியக்காலம் தகரத்துல சடசடன்னு மழை விழுந்தா, அம்மா "மாதாவே, இன்னைக்கும் பேரு இல்லையா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு, கம்பளியை என் மேலயும் இழுத்துப் போட்டுக்கிட்டு மறுபடி தூங்கும். எனக்கு அதுதான் ஆசை. மழைச் சத்தம் கேட்டா தூங்கணும்னு என் உடம்புக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவா ஊறிப் போச்சு.

பந்து விளையாட்டுக்கு ஃபேக்டரிக்குக் கீழ ஒரு கிரவுண்ட் இருந்துச்சு. கிரவுண்டுன்னு நாங்கதான் சொல்லிக்கணும். ஒரு கோல் மேட்டுல, இன்னொரு கோல் பள்ளத்துல. பள்ளத்துக் கோலைத் தாண்டுனா பந்து நேரா ரப்பர் காட்டுக்குள்ள உருண்டு ஓடை வரைக்கும் போயிடும். யாரைத் தாண்டிப் பந்து போச்சோ, அவன்தான் இறங்கிப் போய் எடுத்துட்டு வரணும். உள்ள அட்டை! காலு, விரலிடுக்கு, இடுப்பு வரைக்கும் ஏறிடும். நான் பொடியன், பள்ளத்துப் பக்கம் பின்னால நிக்க வச்சிட்டாங்க. ரெண்டு நாள் அட்டை கடிச்சதும் முடிவு பண்ணேன், செத்தாலும் இனி ஒரு பந்தை என்னைத் தாண்ட விடுறதில்லைன்னு. இப்ப பத்திரிகைக்காரன் வந்து "உங்க தடுப்பாட்டத்தோட ரகசியம் என்ன"ன்னு கேக்குறான். அட்டைன்னு சொன்னா சிரிக்கிறான். சத்தியமா அட்டைதான்யா!

ஸ்கூல் முடிஞ்சதும் ஞாயித்துக்கிழமைகள்ல மாவனல்லைக்கு ஆடப் போவேன். அங்க ஒரு முஸ்லிம் பொடியன்கள் டீம். அதுல கோல் காத்தவரு என்னை விட ஆறேழு வயசு மூத்தவரு. நானான்னு கூப்பிடுவேன், அவங்க பேச்சுல அண்ணன். அவரோட வாப்பா எங்க தோட்டங்களுக்குப் புடவை சுமந்து வந்து வித்தவரு, அதனால லயம், பெரட்டு, கணக்கப்பிள்ளை எல்லாக் கதையும் நானாவுக்கு அத்துப்படி. பிறகு அவரு மாலைதீவுல ஒரு ஹோட்டல் குசினி வேலைக்குப் போனாரு. போன இடத்துல சும்மா இருக்காம, ஒரு கிளப்காரங்க கிட்ட "எங்க ஊர்ல தடுத்தாட ஒரு பேக் ஈக்கான், அவனைத் தாண்டிக் காத்துக்கூடப் போகாது"ன்னு அளந்து விட்டிருக்காரு. அவங்களும் நம்பி, ரெண்டு கிழமை பார்த்துட்டு முடிவு சொல்றோம், அனுப்புன்னாங்க.

புளத்கொகுபிட்டிய பஸ் ஸ்டாண்டுல அம்மா என் நெத்தியில பெருவிரலால சிலுவை போட்டுச்சு. கண்ணு கலங்குனதை மறைக்க அதட்டுச்சு.

"வேளையோட எந்திரி. வாசிக்கிறப்ப இருக்கணும். பேரு இல்லாம திரும்பி வந்துராத, ஆமா."

மாலேயில நானாவோட சின்ன அறையில தங்கினேன். அந்த ரெண்டு கிழமைக்கு என்னோட சேர்த்து மூணு பேரு வந்திருந்தோம், மூணும் வேற வேற நாடு. இருக்கிறது ஒரே ஒரு இடம். மத்த ரெண்டு பேரும் ஆறடி. நான் அவங்க தோளுக்கு வருவேன். திரும்பிப் போனா அடுத்த நாளே அம்மா கூட பெரட்டுல நிக்கணும். அதுல வெக்கம் ஒண்ணுமில்ல, நாலு தலைமுறையா நின்ன இடந்தான். ஆனா அம்மா ஒரு தடவையாவது என்னைப் பத்தி நெஞ்சை நிமித்திச் சொல்லணும்னு எனக்கு வெறி.

ஆறு மணிக்குப் பயிற்சின்னா நான் அஞ்சுக்கே கேட்டுக்கு வெளிய கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். காவல்காரர் என்னைப் பார்த்து அவங்க திவெஹி பாஷையில ஏதோ சொல்லிச் சிரிப்பார். கோச் கொழும்புல படிச்சவரு, நல்லா சிங்களம் பேசுவாரு. எனக்கும் சிங்களம் தண்ணி பட்ட பாடு, கேகாலைப் பக்கம் வளர்ந்தவனுக்கு வேற எப்படி இருக்கும். கோச் ஆறு மணிக்கு வந்து ஒரு தாளை எடுத்து யார் யார் ஆடணும்னு பேரு வாசிப்பாரு. மத்தவங்க கையைத் தூக்குவாங்க. நான் மட்டும் "இன்னவா சேர்!"ன்னு கத்துவேன். இருக்கேன் ஐயாவோட சிங்களம்.

கடைசி நாள் ஒரு மேட்ச் வச்சு ஆளைத் தெரிவு செய்றதா சொன்னாங்க. அந்தக் காலையில பாழாப்போன மழை பிடிச்சுக்கிச்சு.

அறைக்குப் பக்கத்துல ஒரு தகரக் கூரை. சடசடன்னு சத்தம். நான் முழிச்சேன், சத்தத்தைக் கேட்டேன், "இன்னைக்கு வெட்டு இல்ல"ன்னு நிம்மதியா போர்வையை இழுத்துக்கிட்டு மறுபடி தூங்கிட்டேன். நம்புவீங்களா? கடலுக்கு நடுவுல, ஒரு ரப்பர் மரம் கூட இல்லாத ஊர்ல, வெட்டு இல்லைன்னு தூங்குனேன்!

மழை விட்டதும் அந்த அமைதியில திடுக்குன்னு எந்திரிச்சேன். அட நாசமாப் போறவனே, பந்துக்கு ஏதுடா மழை? பூட்ஸைக் கையில தூக்கிக்கிட்டு முழங்கால் தண்ணியில தெருத்தெருவா ஓடுனேன். கேட்டுக்குப் போறப்ப எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. கோச் கையில தாள். வாசிச்சுக்கிட்டிருக்கார். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். கடைசிப் பேரை வாசிச்சு, தாளை மடிச்சு, பாக்கெட்டுல வச்சார். நான் நின்ன நேரத்துல என் பேரு வரல.

நான் என்ன பண்ணியிருக்கணும்? உள்ள ஓடியிருக்கணும். கால்ல விழுந்திருக்கணும். எந்த நாட்டுக்காரனும் அதைத்தான் பண்ணுவான். நான் தலையக் குனிஞ்சேன், திரும்பினேன், அறைக்கு நடந்தேன். வாசிச்சு முடிஞ்சா முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். ஒருத்தரும் என்னைப் போகச் சொல்லல. எனக்குச் சொல்லவே தேவையில்லாம இருந்துச்சு.

நானா காலை வேலை முடிச்சு வந்தப்ப நான் அழுதுக்கிட்டே பெட்டியில துணி அடுக்கிக்கிட்டிருந்தேன்.

"என்ன தம்பி செய்ற?"

"பேரு வாசிச்சிட்டாங்க நானா. நான் பிந்திட்டேன்."

"ஆரு ஒன்னப் போகச் சென்ன?"

"யாரும் சொல்லல. நானேதான் வந்துட்டேன்."

அவரு நெத்தியில பட்டுன்னு அடிச்சிக்கிட்டாரு. "யா அல்லாஹ்! இவனுக்கு இவனே கணக்கப்பிள்ளை! ஒன்னய நீயே வெரட்டிட்டு வந்தீக்கியா? இது ஒன்ட தோட்டமாடா பைத்தியக்காரா? ஏறு பைக்ல!"

அவரு பைக்கை விட்ட வேகத்துக்கு அந்த ஊர்ல அன்னைக்கு ஒரு மோதலும் நடக்காதது மாதா புண்ணியம்தான். நாங்க போறப்ப முதல் பாதி முடிஞ்சிருந்துச்சு. கோச் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து போச்சு.

"கொஹெத கியே?" எங்கடா போனன்னு கேட்டார்.

"கெதர கியா சேர்." வீட்டுக்குப் போனேன்னு உண்மையைச் சொன்னேன்.

"ஏன்?"

"பிந்திட்டேன், அதனால."

அவருக்கு விளங்கல. பிந்துனவன் உள்ளதானே வருவான், வீட்டுக்கு ஏன் போனான்? நானா முன்னுக்கு வந்து தனக்குத் தெரிஞ்ச திவெஹி, சிங்களம், இங்கிலீஷ் எல்லாத்தையும் கலந்து பெரட்டுக் கதையை எடுத்துவிட்டாரு. மழை, ரப்பர், புத்தகம், பேரு, ஒண்ணு விடல. கோச் கேட்டுக்கிட்டே இருந்தார். பிறகு பாக்கெட்டுல இருந்து அந்தத் தாளை எடுத்து விரிச்சுக் காட்டினார். முதல் வரியில என் பேரு. அது மேல ஒரு கோடு.

"முதல்ல வாசிச்சதே உன் பேரைத்தான். மூணு தடவை கூப்பிட்டேன். யாரும் கத்தல"ன்னார். நான் வேலிக்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள அது முடிஞ்சு போயிருக்கு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அவரு தொடர்ந்தார், சிங்களத்துல, ஒவ்வொரு சொல்லா. "இங்க பிந்துனா ஓடி வந்து என் ஏச்சை வாங்கு. உன்னை வீட்டுக்கு அனுப்புறது என் வேலை. என் வேலையை நீ பார்க்காத. விளங்குச்சா? பூட்ஸைப் போடு."

கடைசி முப்பது நிமிஷம் தந்தார். மழையில கிரவுண்ட் பூரா தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. பந்து உருண்டு வந்து குட்டையில நின்னுடும். மத்தவங்க பந்து வருமிடத்தைக் கணிச்சு ஓடிட்டு, பந்து வராம ஏமாந்து வழுக்கி விழுந்தாங்க. எனக்கு அது தெரியாதா? வருஷத்துல பாதி நாளு எங்களுக்கு அப்படித்தான் கிரவுண்ட் இருக்கும். பந்து எங்க நிக்கும்னு எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சுது. ஆறடிக்காரன் ஒருத்தன் என் பக்கம் நாலு தடவை வந்தான். நாலு தடவையும் பந்தில்லாம வெறுங்காலோட திரும்பினான். நாலாவது தடவை வேலிக்கு வெளிய இருந்து நானா "அட்டை ஈக்குதுடா அந்தப் பக்கம், போகாத!"ன்னு தமிழ்ல கூவுனாரு. ஆடிக்கிட்டே சிரிச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஒப்பந்தப் பாரத்துல கையெழுத்து வச்சேன். ஒரு சீசனுக்கு. என் பேரு நீளமா இருக்கு, கட்டத்துக்குள்ள அடங்கலைன்னு ஆபீஸ்காரர் முன்பாதியை மட்டும் எழுதினார். சட்டை முதுகுலயும் அந்தப் பாதிதான். அப்பா பேருக்கு அங்க இடமில்ல. நான் அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டு அம்மா போன்ல, "ஏண்டா, அங்கயும் அரைப்பேருதானா?"ன்னு நக்கலா கேட்டுச்சு.

அது நக்கலா மட்டும் போகல. முதல் சீசன் பூரா கோச் என்னை ரெண்டாம் பாதியிலதான் இறக்கினார். ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் அம்மா போன்.

"பேரு விழுந்துச்சா?"

"அரைப்பேரும்மா."

"நீ என்ன குத்தம் பண்ணுன, பாதிபாதியா போடுறான்? போய் நேரா நின்னு கேளுடா! வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

போய் நேரா நின்னு கேட்டேன். கோச் விழுந்து விழுந்து சிரிச்சார். ஆனா அடுத்த சீசன் ரெண்டாவது மேட்ச்லயே முதல்ல இருந்து இறக்கினார். எனக்கு முன்னால அந்த இடத்துல ஆடினவனுக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு, ரெண்டு கிழமை ஓய்வு. அவன் திரும்பி வந்தப்ப இடம் இல்ல. பாவம்தான், நல்ல மனுஷன், ஆனா நான் என்ன செய்ய, பந்து என்னைத் தாண்டலையே! அன்னைக்கு அம்மாவுக்குப் போன் எடுத்து "முழுப்பேரு!"ன்னு கத்தினேன். அந்தப் பக்கம் லயமே கத்துற சத்தம் கேட்டுச்சு.

அதுக்கப்புறம் கணக்கு வச்சுக்கல. கப்பு எடுத்தோம், இழந்தோம், மறுபடி எடுத்தோம். வேற கிளப்காரங்க கூப்பிட்டாங்க. ஏன் போகணும்? ஒரு மலையை ஏறிப் பழகுனவன் அந்த மலையிலதான் கண்ணை மூடிக்கிட்டு நடப்பான். முழங்கால் முதல் தடவை போனப்ப எல்லாரும் முடிஞ்சுதுன்னாங்க. எட்டு மாசம் கழிச்சு அஞ்சு மணிக்குக் கேட்டு வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பழைய காவல்காரர் சிரிச்சார். ரெண்டாவது தடவை போனப்ப யாரும் வாயைத் திறக்கல. எட்டாவது சீசன்ல கேப்டன் பட்டியைக் கையில கட்டினாங்க. பிந்தி வர்றவங்களைத் திட்டுறது இப்ப என் வேலை. நல்லா திட்டுவேன். வீட்டுக்கு மட்டும் ஒருத்தனையும் அனுப்ப மாட்டேன்.

இந்த வருஷம் அம்மாவை அழைச்சுட்டு வந்தேன். லேசுல வரல. "பெரட்டுக்கு யாரு போறது?"ன்னு சண்டை. வெட்டை விடச் சொல்லிப் பத்து வருஷமா நான் சொல்றேன், கேட்டா இல்ல. கடைசியில "என் பேரை வாசிக்கிறாங்கம்மா, வந்து கேளு"ன்னேன். அதுக்கு மசிஞ்சுது. பிளேன்ல கண்ணை இறுக்க மூடிக்கிட்டு ஜெபமாலை உருட்டுச்சு. மாலேயில இறங்கி நாலு பக்கமும் பார்த்துட்டு, "என்னடா ஊரு இது, மேடும் இல்ல பள்ளமும் இல்ல. பந்து தாண்டுனா எங்க போகும்?"னு கேட்டுச்சு. "கடலுக்கும்மா"ன்னேன். "அப்ப அட்டையே இல்லையா? பிறகு எதுக்குப் பயந்து ஆடுற?"ன்னுச்சு.

பன்னெண்டாவது சீசனோட முதல் மேட்ச். கூட்டம் நிறைஞ்சு வழியுது. நானா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்திருக்காரு. கோச் இப்ப கோச் இல்ல, வயசாயிடுச்சு, கிளப்புல பெரியவரா இருக்கார். அன்னைக்கு அவரே மைக்கை வாங்கிக்கிட்டார். நாங்க பதினோரு பேரும் வரிசையா நிக்கிறோம். பாக்கெட்டுல இருந்து ஒரு தாளை எடுத்து விரிச்சார். பத்துப் பேரை வாசிச்சார். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டு.

கடைசியா என் பேரு வந்துச்சு. வழக்கமான பாதி இல்ல. அம்மா ஞானஸ்நானத்துல வச்ச பேரு முழுசும், அதோட சேர்த்து எங்கப்பா பேரும், ஓரெழுத்து விடாம, தட்டித் தடவி, சரியா. நானாதான் எழுதிக் குடுத்திருக்கணும். எங்கப்பா பேரை யாரும் அவ்வளவு சத்தமா சொல்லி நான் கேட்டதே இல்ல. பன்னெண்டு வருஷமா கத்தின என் வாய் அன்னைக்கு அடைச்சுப் போச்சு. சத்தமே வரல.

அப்ப முன்வரிசையில அம்மா எந்திரிச்சு நின்னுச்சு. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு, வெட்டு மலையில கூப்பிட்டுப் பழகுன அந்தக் குரல்ல, நாலு பக்கமும் கேக்குற மாதிரி கத்துச்சு.

"இருக்கான் ஐயா!"